கடை திறந்தால் எங்கே திறக்கும்? கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் பேச்சும் சேரியின் நூற்றாண்டுக் கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 10 அன்று நாங்கள் கூடுவோம். 1994ஆம் ஆண்டு அதே நாளில், காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்திவிட்டு ஒருமுறை திருக்கழுக்குன்றம் திரும்பி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருந்தோம். உடன் வந்த இளம் வழக்கறிஞர் தம்பி ஒருவர் சட்டென்று கேட்டார்: "அண்ணே, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கணும்னு முதல்ல நாமதானே கேக்கணும்? பொட்டலத்தோட பிடிச்சு உள்ள தள்றது நம்ம காலனிப் பசங்களைத்தானே? கனடாவுல கடையே வச்சு விக்கிறான். இங்க மட்டும் ஏன்?"

கேள்வி நியாயமானது. அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. மருந்துக்காக, மருத்துவர் கண்காணிப்பில், சித்த மருத்துவத்திலோ வேறு மருத்துவத்திலோ பயன்படுத்துவதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பொழுதுபோக்குக்காகக் கடை வைத்து விற்கலாமா என்பது மட்டுமே கேள்வி.

தம்பி சொன்னதில் உள்ள உண்மை

முதலில் அவர் பக்கத்து நியாயத்தை முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், ஒரு கிலோ வரையிலான கஞ்சா "சிறு அளவு". அதற்கே ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. புகைத்ததற்கு மட்டும் ஆறு மாதம் வரை உண்டு. போதாததற்குத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம் இருக்கிறது. அதில் போதைப்பொருள் குற்றவாளிகளையும் அடைக்கலாம். 2022இல் "கஞ்சா வேட்டை 2.0" என்று பெயர் வைத்துப் போலீஸ் இறங்கியது. வேட்டை என்றால் வேட்டையாடப்படுவது யார் என்று சேரிக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இந்தியச் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகக் கிடப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். மும்பையில் நடந்த கஞ்சா வழக்குகளை ஆராய்ந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்: சிக்கியவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள், குடிசைவாசிகள்.

இன்னொரு அநியாயமும் அதே சட்டத்துக்குள் இருக்கிறது. அந்தச் செடியின் பூவும் காய்த்தலையும் கஞ்சா, அது குற்றம். அதே செடியின் வெறும் இலை சட்டத்தின் கண்ணில் கஞ்சாவே இல்லை. அந்த இலையை அரைத்தால் பாங்கு. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் பகிரங்கமாக நடக்கின்றன. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் அதைக் குடிப்பது பக்தி. மலைக்கோயில் ஊர்க்காரன் நான். காவி கட்டியவர் சிலும்பி பற்றவைத்தால் ஒதுங்கிக் கும்பிட்டுப் போகிற கூட்டத்தையும் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் எங்கள் காலனிப் பையன் ஒருவன் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு, பரீட்சை எழுதவேண்டிய நாளில் கோர்ட்டு வராந்தாவில் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பையனைச் சிறையில் அடைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் "அடைக்காதே" என்பதிலிருந்து "கடை திற" என்பதற்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலில்தான் எனக்குச் சண்டை. அதற்குக் காரணம் வரலாறு. அதுவும் எங்கள் செங்கல்பட்டின் வரலாறு.

ஒரே அரசாங்கம், இரண்டு கோப்புகள்

சட்டபூர்வமாக்கச் சொல்பவர்கள் எல்லோரும் தவறாமல் மேற்கோள் காட்டும் ஆவணம் ஒன்று உண்டு: இந்தியக் கஞ்சா கமிஷன் அறிக்கை. வங்காளத்தில் கஞ்சாவால் மக்கள் கெடுகிறார்கள் என்று 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. உடனே ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு உறுப்பினர்கள். 1,193 சாட்சிகள். 1894இல் மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் அறிக்கை வந்தது. அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கெடுதல் இல்லை. தடை செய்தால் மக்கள் இதைவிட மோசமானதை நாடுவார்கள். எனவே தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் "காரணம்: கஞ்சா" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்ததையும் அந்தக் கமிஷன் அம்பலப்படுத்தியது. அந்தக் காலத்துக்கு அது நேர்மையான வேலைதான். மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? நான்கு ஆங்கிலேயர்கள். மூன்று இந்தியர்கள்: வங்காளத்து ஜமீன்தார் ராஜா ஒருவர், கபுர்தலா அரச குடும்பத்தவர் ஒருவர், முசாபர்நகர் லாலா ஒருவர். சாட்சிகளில் பெரும்பகுதி அதிகாரிகள், டாக்டர்கள், நிலக்காரர்கள், வியாபாரிகள், பாதிரிமார்கள். புகைக்கும் கூலியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கடின உழைப்பாளிகள் களைப்புத் தீரவும், குளிரையும் ஈரத்தையும் தாங்கவும் இதை எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் தீங்கில்லை என்று பதிவானது.

அந்தக் கூலி ஏன் அவ்வளவு களைத்துப் போனான்? இந்தக் கேள்விக்குப் பதில் அந்த அறிக்கையில் இல்லை. அதே அரசாங்கத்தின் வேறொரு கோப்பில் இருக்கிறது. அது எங்கள் மாவட்டத்துக் கோப்பு.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். மிராசுதாரர் பிடி, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை, கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறைக்கும் படியாளாகக் கிடப்பது, அரைவயிற்றுத் தானியக் கூலி, நிலம் கேட்டு மனு போட்டால் மிராசுதாரர் தடுப்பது. எல்லாம் அதில் இருந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான்.

இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே. ஒன்று, உழைப்பாளி களைத்திருக்கிறான், அவனுக்கு நிலம் கொடு என்கிறது. மற்றொன்று, உழைப்பாளி களைத்திருக்கிறான், அவன் களைப்புக்கு வரி போடு என்கிறது. நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து எந்தக் கோப்பு வென்றது? நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. அதைக் கேட்டவர்கள்மீது குண்டு பாய்ந்தது. களைப்புக்கு வரி போடும் தொழில் மட்டும் நின்றதே இல்லை.

அப்காரி: சட்டபூர்வம் என்பதன் பழைய பெயர்

"சட்டபூர்வமாக்கி ஒழுங்குபடுத்தலாம்" என்பதைப் புதிய யோசனைபோலச் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1886இலேயே அப்காரிச் சட்டம் வந்துவிட்டது. கள், சாராயம், கஞ்சா, அபின் எல்லாமே உரிமம், வரி, ஏலம் என்ற கணக்குக்குள் இருந்தன. அரசுக்குக் கட்டாமல் மரத்தில் கலயம் கட்டினால் குற்றம், வீட்டில் காய்ச்சினால் குற்றம். உரிமம் வாங்கிக் கடையில் விற்றால் அது வியாபாரம்.

இந்த ஏற்பாட்டில் மூன்று பேர் லாபம் பார்த்தார்கள். வடிசாலை வைத்திருந்த கம்பெனிகள் ஒன்று. கடையை ஏலம் எடுத்த குத்தகைதாரர் இரண்டு. அரசு மூன்று. 1930களில் மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அப்காரியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன என்று அப்போதும் சொன்னார்கள். இப்போதும் அதே வசனம்தான்.

ஏலம் எடுத்தவன் போட்ட பணத்தை ஓர் ஆண்டுக்குள் எடுத்தாக வேண்டும். அவன் கடையை எங்கே போடுவான்? கூலி கைக்கு வரும் இடத்தில், வீடு திரும்பும் வழியில் போடுவான். காசில்லாத நாளில் கடன் கொடுப்பான். அறுப்புக் காலத்தில் நெல்லாக வாங்கிக்கொள்வான். பஞ்சமி நிலம் எப்படிப் போனது என்று எங்கள் பெரியவர்களிடம் கேட்டால், கடனுக்குப் போச்சு, கைநாட்டுக்குப் போச்சு, பயத்துக்குப் போச்சு என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் சாராயத்துக்கும் போச்சுப்பா" என்பார்கள். அந்தத் தாழ்ந்த குரலில் இருக்கும் வெட்கம் அவர்களுடையதாக இருக்கக்கூடாது. நிலத்தை எழுதி வாங்கியவனுக்கும் கடையை ஏலம் விட்டவனுக்கும் இருக்கவேண்டிய வெட்கம் அது.

இது நம் ஊர்க்கதை மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில், கூலியின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். "டாப்" முறை என்று பெயர். காலையிலிருந்து மாலை வரை முறை வைத்து ஊற்றுவார்கள். 1960களில் சட்டம் அதைத் தடுத்த பிறகும் பல காலம் நீடித்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்றாக இன்றும் அது இருக்கிறது. ஆண்டைக்குப் போதை ஒரு நிர்வாகக் கருவி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் முன்னோடிகள் என்ன செய்தார்கள்

அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்துக்குத் திரும்பியபோது பஞ்சசீலத்தை மையத்தில் வைத்தார். மயக்கும் பொருளை விலக்குவது அந்த ஐந்தில் ஒன்று. அதை அவர் ஆசாரமாகச் சொல்லவில்லை. அறிவைக் கூர்மையாக வைத்திருப்பவனை அடிமையாக்க முடியாது என்ற கணக்கில்தான் நான் அதைப் படிக்கிறேன்.

எங்கள் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல், அந்தக் கஞ்சா கமிஷன் போடப்பட்ட அதே ஆண்டில், "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூட வேண்டும் என்றும் அதே மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். விடுமுறை நாள் என்றால் கையில் கூலி இருக்கும் நாள். எந்தக் கதவைத் திறக்க வேண்டும், எந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாபாசாகேப் அம்பேத்கரின் நிலை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டியது. 1927இல் மகாடில் பெண்களிடம் பேசும்போது, குடித்துவிட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள் என்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு எடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் போதையைத் தொடமாட்டேன் என்பதும் ஒன்று. ஆனால் அதே அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, 1951 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தது. வருவாயும் போகிறது, கள்ளச்சாராயமும் பெருகுகிறது என்பது அதன் வாதம்.

இதைச் சிலர் முரண்பாடு என்பார்கள். எனக்கு இதில் ஒரு தெளிவு தெரிகிறது. போலீஸ் தடியால் போதையை ஒழிக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சமூகம் தானாக முன்வந்து அதைத் தூக்கி எறியவேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆகவே அம்பேத்கரைக் காட்டி "கடை திற" என்பவர்களும் தவறு, அம்பேத்கரைக் காட்டிப் "பிடித்து உள்ளே போடு" என்பவர்களும் தவறு.

கடை இருந்தால் கள்ளச்சந்தை ஒழியுமா?

சட்டபூர்வமாக்கும் வாதத்தின் முதுகெலும்பு இதுதான்: அரசே விற்றால் கள்ளச்சந்தை ஒழியும், தரம் உறுதியாகும், வருவாய் வரும். தமிழ்நாட்டுக்காரன் இதை நம்புவதற்கு முன்னால் தன் சொந்த அனுபவத்தைப் பார்க்க வேண்டும்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி ஆட்சி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்ப மூடப்பட்டு, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே ஏற்றது. அந்த நிதியாண்டில் சுமார் 3,600 கோடியாக இருந்த வருவாய், 2023-24இல் 45,855 கோடி. கட்சி மாறியது, கடை மாறவில்லை.

இதைவிடச் சட்டபூர்வமான, இதைவிட அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள போதை வியாபாரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? இருந்தும் என்ன ஆயிற்று? 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், எங்கள் மாவட்டத்தில் சித்தாமூர் பக்கத்திலும் விஷச் சாராயத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மீனவர்கள், இருளர்கள், கூலிகள். குடித்தது சாராயம்கூட இல்லை, தொழிற்சாலை மெத்தனால். ஓர் ஆண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் நம் மக்கள். அங்கேயும் டாஸ்மாக் கடை இல்லாமல் இல்லை. அப்போது கடையில் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய். பாக்கெட் சாராயம் அதில் பாதிக்கும் குறைவு.

வரி போட்டால் விலை ஏறும். விலை ஏறினால் மிக ஏழை கள்ளச்சந்தையிலேயே நிற்பான். நாளைக்கு அரசுக் கஞ்சாக் கடை வந்தாலும் இதுதான் நடக்கும். கண்ணாடிக் கதவு போட்ட கடை பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. ஊழியருக்கு, இப்போதுள்ள அதே கலப்படப் பொட்டலம், அதே போலீஸ், அதே வழக்கு நம் பையனுக்கு. இருப்பவனுக்கு உரிமம், இல்லாதவனுக்குக் குற்றப்பத்திரிகை. இது கற்பனை இல்லை. கலிஃபோர்னியாவில் சட்டபூர்வக் கடை வந்து பல ஆண்டுகள் ஆகியும் உரிமம் இல்லாத சந்தை பெரிதாகவே நடக்கிறது.

கடை எங்கே திறக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளுக்கு மாற்று இடம் எங்கே தேடினார்கள்? குடியிருப்புகளுக்குள். மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் அறைந்ததை நாடே பார்த்தது. ஆள் பலமும் சாதி பலமும் உள்ள தெரு எதிர்த்தால் கடை நகர்ந்துவிடும். நகர்ந்து நகர்ந்து, எதிர்க்க ஆளில்லாத இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தின் பெயர் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இது தாத்தா காலத்துக் கஞ்சா இல்லை

"ஆயிரம் வருஷமா இருக்கிற செடி, மூலிகைதானே" என்கிறார்கள். 1894 கமிஷன் ஆராய்ந்த செடியும், இன்று கம்பெனிகள் வளர்க்கும் செடியும் ஒன்றல்ல. போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளின் அளவு, அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் 4 சதவீதம் அளவில் இருந்தது. 2014இல் 12 சதவீதம் ஆனது. கடைகளில் விற்கும் செறிவூட்டிய பிசினிலும் எண்ணெயிலும் 60 சதவீதத்துக்கு மேலும் இருக்கிறது. 2019இல் லான்செட் மனநல ஆய்விதழில் வந்த ஐரோப்பிய, பிரேசில் ஆய்வு ஒன்று, வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. புகைக்கும் எல்லோருக்கும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வந்துவிட்டால்? நகரத்து வீட்டுப் பையனுக்கு மனநல மருத்துவர், ஓர் ஆண்டு ஓய்வு, திரும்பவும் கல்லூரி. நம் வீட்டுப் பையனுக்கு? முதலில் பேய் ஓட்டுவார்கள். பிறகு தாலி அடகுக்குப் போகும். பிறகு அவன் படிப்பு போகும். முதல் தலைமுறையாகப் பன்னிரண்டாவது தாண்டியவனின் படிப்பு போனால் போவது ஒருவன் படிப்பு இல்லை. அவனைப் பார்த்துப் படிக்க வந்த பத்துப் பிள்ளைகளின் படிப்பு.

இன்னும் ஒரு கணக்கு. 2019இல் எய்ம்ஸ் வழியாக மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் மது குடிப்போர் சுமார் 16 கோடி. பாங்கு, கஞ்சா எல்லாம் சேர்த்து எடுப்போர் சுமார் 3.1 கோடி. வியாபாரி இந்த இரண்டு எண்ணையும் பார்த்து என்ன நினைப்பான்? இடையில் உள்ள பதின்மூன்று கோடியும் இன்னும் பிடிக்காத சந்தை என்று நினைப்பான். நான் அந்தப் பதின்மூன்று கோடியை இன்னும் இழக்காத பிள்ளைகள் என்று பார்க்கிறேன்.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. பல ஆயிரம் கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு பின்வாங்கியது. அமெரிக்காவில் கஞ்சாவுக்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று மனித உரிமை அமைப்புகள் கணக்குக் காட்டித்தான் பல மாநிலங்களில் சட்டம் மாறியது. கைதுகள் குறைந்தன, உண்மை. ஆனால் அந்தக் கடைகளின் முதலாளிகளில் கறுப்பர்கள் சிறுபகுதியே. அப்பா எதற்காகச் சிறைக்குப் போனாரோ, அதையே விற்று வேறொருவன் பங்குச் சந்தையில் நிற்கிறான்.

அப்படியானால் என்ன கேட்கிறோம்?

தம்பி, உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். சிறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது.

போர்ச்சுகல் 2001 ஜூலையிலிருந்து சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பதைக் கிரிமினல் குற்றமாகப் பார்ப்பதில்லை. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போவதற்குப் பதில், மருத்துவம், சட்டம், சமூகப்பணி அறிந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவின் முன் போகிறார். சிகிச்சைக்கு வழி காட்டுகிறார்கள். ஆனால் அங்கே கடை வைத்து விற்க அனுமதி இல்லை. விற்பனை இன்றும் குற்றம்தான்.

நம் சட்டத்திலேயே கொஞ்சம் இடமுண்டு. சிகிச்சைக்குத் தானாக முன்வரும் போதை அடிமையை வழக்கிலிருந்து விடுவிக்க 64ஏ பிரிவு இருக்கிறது. தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு இருக்கிறது. எத்தனை ஸ்டேஷனில் இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்? எத்தனை வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள்? இதை எடுத்து வாதாடுங்கள். சொந்த உபயோகத்துக்குச் சிறை வேண்டாம், குண்டர் சட்டம் வேண்டாம் என்று சேர்ந்து போராடுவோம். தாலுகா அரசு மருத்துவமனைகளில் இலவசப் போதை மீட்புப் படுக்கை கேட்போம். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் கஞ்சா பயிரிடும் ஆதிவாசியைப் பிடிப்பதை விட்டு, அவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி லாரியில் கடத்தும் பெரிய கைகளைப் பிடிக்கச் சொல்வோம்.

கூடவே, கடை வேண்டாம் என்பதையும் அதே குரலில் சொல்வோம்.

1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் ஒரு சாராயக்கடையைப் பெண்கள் மூடவைத்தார்கள். அந்தக் கனல் மாநிலம் முழுக்கப் பரவி, மறு ஆண்டு சாராயமே தடை செய்யப்பட்டது. அந்தப் போராட்டம் எங்கே தொடங்கியது தெரியுமா? அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பெண்கள் முதலில் படித்தது தங்கள் சொந்தக் கதையை. பின்னர் அந்த அரசு பின்வாங்கியது வேறு விஷயம். ஆனால் எங்கே தொடங்கவேண்டும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

எங்கள் காலனியில் மாலைப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். ஒரு குழல்விளக்கு, இரண்டு பாய், பழைய பாடப்புத்தகங்கள். கோர்ட்டு வராந்தாவில் நின்றான் என்று சொன்னேனே, அந்தப் பையன் இப்போது அங்கே வருகிறான். விட்ட பரீட்சையைத் திரும்ப எழுதப் படிக்கிறான். சில நாள் வருவதில்லை. வராத நாள் எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும்; மறுநாள் அவன் வரும்போது கேட்பதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. அவனைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று மன்றத்தில் நிற்கப்போவதும் நாம்தான். அவன் படிப்பகத்துக்கு வரும் வழியில் அரசு ஒரு கடை திறக்கக்கூடாது என்று தெருவில் நிற்கப்போவதும் நாம்தான். இந்த இரண்டுக்கும் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன், தம்பி.

ஜெய் பீம்.